அந்த 41 சதவீதம் எங்கே போனது?

சில எண்கள் பிறந்த இடத்தை விட்டு ரொம்ப தூரம் போய்விடும். பதின்வயதினரின் மனநலம் பற்றிய ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கினால் சீக்கிரமே எதிர்ப்படும் அப்படியொரு எண் 41 சதவீதம். 2003ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து வந்த ஒரு கட்டுரையில் பிறந்தது. அலிசன் யங், பேட்ரிக் மெக்கோரி குழுவினர், "இவர்களுக்கு சைக்கோசிஸ் வரக்கூடும்" என்று முன்கூட்டியே அடையாளம் கண்ட 49 இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 12 மாதங்களில் 20 பேருக்கு வந்துவிட்டது. 49ல் 20, அதாவது 40.8 சதவீதம்.

நான் மருத்துவன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு அலாரம் பத்துக்கு நாலு தடவை சரியாக அடிக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த அலாரத்தை எங்கே மாட்டி வைத்தார்கள் என்று கேட்பது என் தொழில் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு இந்த ஆய்வு வரிசையைப் படித்ததன் குறிப்புகள்தான் கீழே.

என்ன செய்தார்கள்?

சைக்கோசிஸ் என்பது நிஜத்தோடு உள்ள பிடிப்பு நழுவும் நிலை. இல்லாத குரல் கேட்பது, யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது, இப்படி. மனச்சிதைவு நோய் இந்த வகையில் ஒன்று. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டும். படிப்பு, நட்பு, வேலை எல்லாம் உருவாகிற வயதில் வந்து உடைத்துப் போடுகிற நோய் என்பதால், வருவதற்கு முன்பே பிடித்துவிட முடியுமா என்ற கேள்வி நியாயமானது.

அதற்காக 1994ல் மெல்போர்னில் 'பேஸ்' என்ற கிளினிக்கைத் தொடங்கினார்கள். பர்சனல் அசெஸ்மென்ட் அண்ட் க்ரைசிஸ் எவால்யுவேஷன் என்பதன் சுருக்கம். பெயரில் எங்கேயும் மனநோய் இல்லை என்பதைக் கவனியுங்கள். வருகிற பையனோ பெண்ணோ முத்திரை குத்தப்பட்டதாக உணரக்கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

உள்ளே வருபவர்களில் மூன்று வகையினரை 'அல்ட்ரா ஹை ரிஸ்க்', அதாவது மிக அதிக ஆபத்தில் இருப்பவர்கள் என்று வகைப்படுத்தினார்கள். ஒன்று, அறிகுறிகள் லேசாக இருப்பவர்கள். இரண்டு, முழு அறிகுறிகளும் வந்து ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கியவர்கள். மூன்று, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நோய் இருப்பது போன்ற பின்னணியோடு, படிப்பிலும் அன்றாட வாழ்க்கையிலும் சட்டென்று சரிந்தவர்கள். பிறகு இவர்களில் யார் 'மாறுகிறார்கள்' என்று வருடக்கணக்கில் பார்த்தார்கள்.

ஒரு பூலியன் மாறியின் கதை

முதல் சிக்கல் 'மாறுவது' என்ற சொல்லிலேயே இருக்கிறது. முழு அளவிலான அறிகுறிகள் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் மாறிவிட்டதாகக் கணக்கு. ஆறு நாள் இருந்து அடங்கினால் 'ஆபத்தில் இருப்பவர்'; எட்டு நாள் இருந்தால் 'மாறியவர்'. வழுக்கிக்கொண்டே போகும் ஒரு அளவை நடுவில் வெட்டி, ஆம் அல்லது இல்லை என்று பதிவு செய்கிறார்கள். சிகிச்சை தொடங்க எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆகவேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் நிற்பவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "பாருங்கள், பத்தில் நாலு பேர் கோட்டைத் தாண்டிவிட்டார்கள்" என்பதில் எவ்வளவு முன்கணிப்பு இருக்கிறது? ஜிம் வான் ஓஸும் சினான் குலோக்சுஸும் 2017ல் இந்தத் துறையையே விமர்சித்து எழுதிய கட்டுரையில் இதுவும் ஒரு முக்கியமான வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

எண் இறங்கத் தொடங்கியது

அடுத்த சில வருடங்களில் அதே குழு ஒரு விசித்திரத்தைக் கவனித்தது. 1995 முதல் 2000 வரை ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேர்ந்தவர்களில் 'மாறும்' விகிதம், முந்தைய வருடத்தின் 0.8 மடங்காகக் குறைந்துகொண்டே வந்தது. 2007ல் அவர்களே இதை வெளியிட்டார்கள். நோயைத் தடுக்கிறோமா, இல்லை வருகிறவர்கள் வேறு ஆட்களா என்று தலைப்பிலேயே கேட்டார்கள். தன் எண் சரிவதைத் தானே ஊருக்குச் சொல்கிற ஆய்வாளர்கள் அதிகம் இல்லை. இதற்காக அவர்களைப் பாராட்டியே ஆகவேண்டும்.

விடையில் ஒரு பகுதி கிடைத்தது. பிந்தைய வருடங்களில் வந்தவர்கள், அறிகுறி தொடங்கி அதிக நாள் காத்திருக்காமலே வந்துவிட்டார்கள். கிளினிக் பிரபலமாகிவிட்டது, கதவு அகலமாகிவிட்டது. முழு விளக்கம் அதுவும் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள்.

2017ல் வெளியான நியூராப்ரோ ஆய்வு வரும்போது நிலைமை எங்கேயோ போய்விட்டது. பல நாடுகளில் 304 பேர். மீன் எண்ணெய் மாத்திரை நோயைத் தடுக்குமா என்ற சோதனை. மாத்திரை சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள் என்ற இரண்டு தரப்பிலும் ஒரு வருடத்தில் மாறியவர்கள் சுமார் 11 சதவீதம்தான். இதற்கு முன் 2010ல் வியன்னாவில் 81 பேரிடம் நடந்த சோதனையில் 4.9க்கு எதிராக 27.5 சதவீதம் என்று வந்து, எல்லாரும் மீன் எண்ணெய்யைக் கொண்டாடினார்கள். பெரிய சோதனையில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது.

ஒரு சின்னக் கணக்கு

2015ல் பாவ்லோ ஃபுசார்-போலி குழுவினர், இந்த ஆபத்து மதிப்பீட்டு நேர்காணல் எவ்வளவு துல்லியமானது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பின்னால் நோய் வரப்போகிறவர்களில் 96 சதவீதம் பேரை அது பிடித்துவிடுகிறது. நோய் வராதவர்களில் 47 சதவீதம் பேரைத்தான் 'இல்லை' என்று சரியாக விலக்குகிறது.

கிளினிக்குக்கு அனுப்பப்படும் 100 பேரை எடுத்துக்கொள்வோம். அதே தொகுப்பின்படி, மூன்று வருடச் சொச்சத்தில் அவர்களில் 15 பேருக்கு நோய் வரும். கருவி அதில் 14 பேரைப் பிடிக்கும். கூடவே, நோய் வராத 85 பேரில் 45 பேரையும் பிடிக்கும். ஆக மொத்தம் 59 பேருக்கு ஆபத்து முத்திரை. ஏறத்தாழ நாலில் ஒன்றுதான் சரி. மீதி 41 பேரிடம் 'பயமில்லை' என்கிறது. (இந்த 41க்கும் தலைப்பில் உள்ள 41க்கும் சம்பந்தமில்லை.) அந்த 'பயமில்லை' மட்டும் கிட்டத்தட்ட எப்போதுமே சரி.

அப்படின்னா இது அலாரம் இல்லைங்க. 'ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்க' என்று சொல்வதற்கான நல்ல கருவி. முப்பது வருடமாக அதை அலாரம் என்ற பெயரில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பொதுமக்களில் நூற்றுக்கு 15 பேருக்கு சைக்கோசிஸ் வருவதில்லை. கிளினிக்குக்கு வந்தவர்களில் அவ்வளவு பேர் இருந்ததற்குக் காரணம், ஏற்கெனவே யாரோ கவலைப்பட்டிருக்கிறார்கள். "இவன் முன்ன மாதிரி இல்லையே" என்ற ஒரு அம்மா, ஒரு டீச்சர், ஒரு குடும்ப டாக்டர். பெரிய வடிகட்டல் அங்கேயே நடந்துவிட்டது. கருவி அந்த 15ஐ 26 ஆக்குகிறது, அவ்வளவுதான்.

இதே கருவியைப் பள்ளிக்கூடத்தில் எல்லார் மேலும் வைத்தால்? 1000 மாணவர்கள், அதில் தாராளமாக 10 பேருக்கு நோய் வரும் என்றே வைத்துக்கொள்வோம். முத்திரை விழுவது சுமார் 535 பேருக்கு. பள்ளியில் பாதிக்கு மேல்! "எல்லா மாணவர்களையும் ஸ்க்ரீனிங் பண்ணிடலாமே" என்று யாராவது ஆர்வத்தோடு சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

முத்திரைக்கு ஒரு விலை உண்டு

சும்மா புள்ளியியல் சண்டை இல்லை இது. 2006ல் வெளியான அமெரிக்கச் சோதனையில், ஆபத்து நிலையில் இருந்த 60 பேரில் பாதிப் பேருக்கு ஓலான்சபின் மருந்து கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் மருந்துத் தரப்பின் சராசரி எடை கிட்டத்தட்ட 9 கிலோ கூடியது. மற்ற தரப்பில் கால் கிலோவைக் கொஞ்சம் தாண்டியது. நோய் மருந்துத் தரப்பில் குறைவாகத்தான் வந்தது, ஆனால் அந்த வித்தியாசம் புள்ளியியல் அளவில் தேறவில்லை. நாலில் மூன்று பேருக்கு வரவே போகாத நோய்க்காக 16 வயதில் 9 கிலோ! 2013ல் டிஎஸ்எம்-5 இந்த ஆபத்து நிலையை அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் சேர்க்காமல், மேலும் ஆராயவேண்டியவை என்ற பின்பகுதியில் வைத்தது. சரியான முடிவு.

அதோடு, அலாரம் தவறவிடுவதும் இருக்கிறது. தெற்கு லண்டனில், முதல் தடவையாக சைக்கோசிஸ் வந்தவர்களைப் பார்த்தபோது, முன்பே ஆபத்து கிளினிக்குக்கு வந்திருந்தவர்கள் 4.1 சதவீதம் பேர்தான். நல்ல கிளினிக் நடத்தும் ஊரிலேயே 100ல் 96 பேர் வேறு வழியாகத்தான் வந்திருக்கிறார்கள்.

மாறாதவர்கள் என்ன ஆனார்கள்?

இந்த ஆய்வு வரிசையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, அதிகம் பேசப்படாத ஒரு கட்டுரை. 'மாறாத' 226 பேரை, முதலில் வந்து 2 முதல் 14 வருடம் கழித்து மறுபடி தேடிப் பிடித்தார்கள், 2015ல் வெளியானது. 41 சதவீத மொழியில் இவர்கள் தவறான அலாரங்கள். அலாரம் தவறு என்றால் இவர்கள் நன்றாக இருக்கவேண்டும், இல்லையா?

இல்லை. இடைப்பட்ட காலத்தில் 68 சதவீதம் பேருக்கு வேறு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்திருக்கிறது. மனச்சோர்வு போன்றவை 49 சதவீதம் பேருக்கு, பதற்ற நோய்கள் 35, போதைப் பழக்கம் 29.

கேள்வி தப்பு என்பதை ஆய்வே காட்டிக்கொடுத்த இடம் இது. உள்ளே வந்த பிள்ளைகள் உண்மையிலேயே கஷ்டத்தில்தான் இருந்தார்கள். ஆனால் 'மாறினார்களா' என்ற ஒரே நெடுவரிசையை வைத்துக்கொண்டு அவர்களை அளந்ததால், மனச்சோர்வில் மூழ்கியவர் 'இல்லை' என்ற பக்கம் போய் விழுந்தார். அட்டவணையில் அவருக்கு இடமே இல்லை. நீண்ட காலம் தொடர்வதன் மதிப்பு இதுதான்: ஒரு வருடத்தோடு நிறுத்தியிருந்தால் இந்த 68 சதவீதம் யாருக்கும் தெரிந்திருக்காது.

சொல்லப்போனால் மெக்கோரியே இந்தத் திசையில் நகர்ந்தவர்தான். 2006ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'ஹெட்ஸ்பேஸ்' மையங்கள் 12 முதல் 25 வயது வரை யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற ஏற்பாடு. அதன் பின்னணியில் அவரும் இருந்தார். எந்த நோய் வரப்போகிறது என்று ஜோசியம் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கு என்ன கஷ்டம் என்று கேட்டால் போதும். 'மிக அதிக ஆபத்து' என்ற பெயர் மட்டும் கட்டுரைகளில் இன்னும் நீடிக்கிறது. அதைத்தான் மாற்றவேண்டும் என்கிறேன்.

வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று பிள்ளை சொன்னால் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். மேலே உள்ள எந்த எண்ணும் அதைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. உங்கள் கவலைதான் அந்த முதல் வடிகட்டி. அது நன்றாகவே வேலை செய்கிறது என்பதற்கு 15 சதவீதமே சாட்சி. ஆனால் மருத்துவர் 'ரிஸ்க்' என்று சொன்னால், எந்த நோய்க்கு, எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, எத்தனை வருடத்தில் என்று மூன்று கேள்வி கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.