வாத்தியாரும் டார்கெட்டும்

ஒரு ஜிம்மில் ஐந்து மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஹெட் ட்ரெய்னர் ஆக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் இதற்கு ஒரே கணக்குதான் பார்க்கப்படுகிறது: மாதாமாதம் யார் அதிகமாகப் பி.டி. பிடித்துக் கொடுக்கிறார்? தனிப்பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதில் கெட்டிக்காரர் மற்ற நால்வருக்கும் தலைவராகிறார். அன்று முதல் அவர்களுடைய வசூலுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் எப்படிப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்பதற்கு யாருமே பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த முறையின் ஆகப் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

வசூலை அளவாக வைக்கும் இந்த டார்கெட் முறை செய்த நன்மையை மறைக்கக் கூடாது. மாஸ்டருக்கு மாதச் சம்பளம் எப்போதும் குறைவுதான். தனிப்பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பங்கு கைக்கு வர ஆரம்பித்த பிறகே, நம் பக்கத்துப் பையன்கள் இதை நம்பிக் கல்யாணம் செய்துகொள்ளவும் வீட்டுக்குப் பணம் கொடுக்கவும் முடிந்தது. அதற்கு முன்பு, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆர்வத்துக்காகச் சொல்லிக்கொடுத்தவர்களே அதிகம். அந்த ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் ஆர்வத்தை மட்டும் வைத்து ஒரு தொழில் நிற்காது.

மதுரையிலிருந்து தேனி சாலையில் வரும் நாகமலை புதுக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். பக்கத்திலேயே 1966-இல் தொடங்கிய காமராசர் பல்கலைக்கழகம், வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி, மலையடிவாரச் சாலைகள். இப்படிப்பட்ட ஊர்களில் ஜிம்முக்கு வெளியே இன்னொரு பயிற்சி மரபு இருக்கிறது: போலீஸ் செலெக்‌ஷனுக்கு ஓடுகிறவர்கள். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியிலும் முடிக்க வேண்டும். போன முறை நூலிழையில் தவறவிட்ட ஓர் அண்ணன், இந்த முறை முதல் தடவையாக வரும் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு விடியலுக்கு முன் ஓடுவார். எங்கே வேகத்தை அடக்க வேண்டும், கயிறேறும்போது காலை எப்படிப் பின்ன வேண்டும் என்று கூடவே செய்து காட்டுவார். அங்கே கட்டணமும் இல்லை, பங்கும் இல்லை. ஒரு மாஸ்டரை இன்னொரு மாஸ்டர் உருவாக்குவதற்கு இதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை. ஆனால் அதை அப்படியே ஜிம்முக்குள் கொண்டுவர முடியாது. மைதானத்தில் ஓடுகிறவர்கள் இளைஞர்கள். ஜிம்முக்கு வருகிறவர்களின் உடம்பு வேறு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தி 2023-இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார், எடையைக் குறைக்கச் சொன்னார் என்று ஜிம் படியேறும் நாற்பது வயதுக்காரர்களில் பலர் அந்தக் கணக்குக்குள் இருப்பவர்கள். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுக்கிறவருக்குப் பயிற்சியின் நடுவிலேயே சர்க்கரை இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். இதயத்துடிப்பை அடக்கும் ரத்த அழுத்த மாத்திரையையும் சேர்த்து எடுப்பவராக இருந்தால் நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகக்கூடும், வியர்வைதான் மிஞ்சும். ஜிம்மில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. இது எந்த வியர்வை என்று இருபத்திரண்டு வயது மாஸ்டருக்கு எப்படித் தெரியும்? சான்றிதழ்ப் படிப்பில் இதற்கு ஒரு பக்கம் இருக்கும். ஆனால் ஆளைப் பார்த்ததும் பாரத்தைக் கீழே வைக்கச் சொல்லி உட்கார வைக்கும் பழக்கம், பக்கத்தில் நின்று பார்த்த ஒரு சீனியரிடமிருந்துதான் வரும். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்குகிறவரின் முகத்தைக் கவனிப்பதும், முழங்கால் வலியைச் சொல்லாமல் மறைப்பவரின் நடையைப் படிப்பதும் அப்படித்தான். ஹெட் ட்ரெய்னரின் உண்மையான வேலை இந்தக் கண்ணைக் கொடுப்பது. வசூல் கணக்கில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அப்படியானால் பழைய வாத்தியார் முறைக்கே திரும்பிவிடலாமா? கூடாது. சிலம்பக் கூடத்திலும் பழைய தேகப்பயிற்சி சாலையிலும் வாத்தியார் சொல்லே கடைசி. கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. நெருக்கம் இருக்கும் இடத்தில் அறிவு வேகமாக இறங்கும், தவறும் அதே வேகத்தில் இறங்கும். பயிற்சியின்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற தவறான விதி தலைமுறை தலைமுறையாக வந்தது இப்படித்தான். போட்டி மேடைக்காக ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் போவதும் இதே பாதையில்தான். டாக்டர் சீட்டு இல்லாத ஸ்டீராய்டை ஒரு பையன் கடைக்காரரிடம் முதலில் கேட்பதில்லை, தான் நம்பும் மாஸ்டரிடம்தான் கேட்கிறான். தசை வளர்ப்பதற்காகப் புரதப் பவுடர்களை நாட வேண்டாம் என்று 2024-இல் ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தன் உணவு வழிகாட்டியில் சொன்னது. அந்த டப்பாக்களை விற்றால் கமிஷன் வரும் இடத்தில், ஜூனியருக்கு அந்த வழிகாட்டியைப் படித்துக் காட்டும் ஹெட் ட்ரெய்னர் எத்தனை பேர் இருப்பார்கள்?

1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோது, சொல்லிக்கொடுப்பவருக்கே முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கே ஒரு நிறுவனமாக உருப்பெற்றது. பள்ளி உடற்கல்வி ஆசிரியருக்கு இன்று படிப்புத் தகுதி கட்டாயம். ஜிம் மாஸ்டருக்கு அப்படி எந்த உரிமமும் தேவையில்லை. திறன் மேம்பாட்டுச் சான்றிதழ்கள் இருக்கின்றன. வாங்குவதும் விடுவதும் அவரவர் விருப்பம். சட்டம் விட்ட இந்த இடைவெளியைச் சீனியரின் மனசாட்சியே நிரப்ப வேண்டியிருக்கிறது.

மனசாட்சிக்கு எதிராக ஒரு பொருளாதாரமும் வேலை செய்கிறது. நல்ல மாஸ்டருக்கு இருக்கும் ஒரே பெரிய உயர்வு, தானே ஜிம் வைப்பது. நன்றாகக் கற்றுக்கொடுத்த ஜூனியர் இரண்டு வருடத்தில் அடுத்த தெருவில் போர்டு மாட்டுவார், பழைய ஆட்களில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டும் போவார். இதை ஒருமுறை அனுபவித்த சீனியர் பிறகு பாதியை மட்டுமே சொல்லிக்கொடுக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கற்றுக்கொடுப்பதற்குக் கூலி தராத தொழில், கற்றுக்கொடுப்பதை நஷ்டமாகவும் மாற்றிவிட்டது.

பெண் மாஸ்டர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். லேடீஸ் பேட்ச் நேரத்தில் அவர்கள் மட்டுமே தளத்தில் நிற்கிறார்கள், பார்த்துக் கற்க அந்த நேரத்தில் சீனியர் இருப்பதில்லை. காலையும் மாலையுமாகப் பிளந்த வேலை நேரமும் குடும்பமும் மோதும்போது பலர் விலகிவிடுகிறார்கள். அனுபவம் சேரும் முன்பே விலகுவதால், அடுத்து வரும் பெண்ணுக்கும் சீனியர் கிடைப்பதில்லை.

செய்யக்கூடியது கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. முற்பகல் பதினொன்று முதல் மாலை நான்கு வரை பெரும்பாலான ஜிம்கள் காலி. அதில் ஒரு மணி நேரத்தைக் கற்பிக்கும் நேரமாக அறிவித்து, அதற்குச் சம்பளமும் தரலாம். ஒவ்வொருவருக்கும் என்ன பாரம், எங்கே வலி, என்ன மாத்திரை என்று நோட்டில் எழுதும் பழக்கம் வந்தால், சீனியர் சொன்னதை ஜூனியரும் சரிபார்க்க முடியும். வாத்தியார் முறையில் இல்லாத பாதுகாப்பு அது. ஜூனியரிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் காயமில்லாமல் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை வைத்து ஹெட் ட்ரெய்னரின் ஊக்கத்தொகையை முடிவு செய்யலாம். உரிமையாளருக்கும் இதில் லாபம் உண்டு: தொடர்ந்து வருகிறவர் கட்டணத்தைப் புதுப்பிக்கிறார், புதிதாக ஆள் பிடிக்கும் அலைச்சல் குறைகிறது. ஒரே ஹாலில் இரண்டு மாஸ்டரோடு நடக்கும் சின்ன ஜிம்மால் இந்தச் செலவைத் தனியாகத் தாங்க முடியாது. நாகமலை புதுக்கோட்டை மாதிரி ஊர்களில் நாலைந்து ஜிம்கள் சேர்ந்து ஒரு சீனியரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு முதலில், ஒருவர் ஆளை இன்னொருவர் இழுக்க மாட்டோம் என்று உரிமையாளர்கள் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.