கம்பெனி வீட்டுப் பாடம்

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளுக்குக் கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. எத்தனையோ நடிகர்களுக்கு வசனமும் பாட்டும் சொல்லிக்கொடுத்த நாவு அது. அப்போதும் அவர் தாம் வளர்த்த பிள்ளைகளை விட்டுப் போகவில்லை. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் பத்து வயது டி.கே. சண்முகம்.

பெரியவர்களை விட்டுச் சிறுவர்களைத் தேடிச் சுவாமிகள் போனதற்குக் காரணம் உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து, அன்று இரவு மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. வள்ளிக்கும் வேலனுக்கும் தர்க்கம் மூண்டுவிட்டால் கதை ஒரு மூலையில் நிற்கும். கைதட்டல் யாருக்கு என்பதே வழக்காகிவிடும். அந்த மேடையிலும் மேதைகள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் மேதை நிற்கும் இடத்தில் நாடகமும் நிற்க வேண்டும் என்று சுவாமிகள் எண்ணினார். 1918-இல் மதுரையில் நண்பர்களோடு அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அந்த எண்ணத்தின் பிள்ளை. அங்கே முதலில் பாடம், பிறகுதான் வேஷம். சிறுவன் சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’யை அவர் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை நாடகக்காரர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். எழுதியவரின் வேகத்தைவிட, அத்தனை பாட்டையும் வசனத்தையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்ட அந்தப் பையனின் பயிற்சிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இப்படிச் சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பாலர் கம்பெனிகள் எல்லாம் ஒரே வார்ப்பு அல்ல. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாட்டுக்கும் வீச்சுக்கும் மதிப்பு, பி.யு. சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும் அங்கே வளர்ந்தவர்கள். நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபை காட்சிக்குப் பேர் போனது. தசாவதாரமோ ஏசுநாதரோ ஐயப்பனோ, படுதா உயர்ந்ததும் பார்க்க வந்தவர் கும்பிட வந்தவராக மாறினார். இந்த இரண்டின் சிறப்பையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் சொல்லைத் தன் அளவுகோலாக வைத்துக்கொண்ட கம்பெனி எது என்று கேட்டால், டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியைத்தான் சொல்வேன்.

1925 மார்ச் 31-இல் திருவனந்தபுரத்தில் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை என்ற பெயரில் அது பிறந்தது. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்று நான்கு சகோதரர்கள். தந்தை கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட்டில் பேர் பெற்றவர். சுவாமிகளின் நாடகங்களையே மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் அவர்களுக்கும் பிழைப்பு நடந்திருக்கும். ஆனால் சுவாமிகளுக்குப் பின் அவர்களுக்கு வாத்தியாராக வந்தவர் எம். கந்தசாமி முதலியார். அவர் பம்மல் சம்பந்த முதலியாரின் உரைநடை நாடகங்களையும், ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ போன்ற நாவல்களையும் மேடைக்குக் கொண்டுவந்தார். பாட்டில் பழகிய வாய் இனிப் பேச வேண்டும். கிரீடம் சுமந்த தலை குமாஸ்தாவின் தலைப்பாகைக்கு இறங்க வேண்டும். இந்தத் திருப்பத்தில் எத்தனையோ கம்பெனிகள் இடறி விழுந்தன. இவர்கள் விழவில்லை. யாப்பில் எழுதிய வரியை எழுத்துப் பிசகாமல் சொல்லப் பழகியவனுக்கு, சாதாரண வாக்கியத்திலும் எந்தச் சொல்லில் அழுத்தம் விழும் என்று தெரிந்திருந்தது.

அதற்குப் பின் வந்த நாடகங்கள் விரிந்துகொண்டே போயின. வெ. சாமிநாத சர்மாவின் தடைசெய்யப்பட்ட ‘பாணபுரத்து வீரன்’ அவர்கள் மேடையில் ‘தேசபக்தி’யாகிப் பாரதி பாடல்களோடு முழங்கியது. ‘குமாஸ்தாவின் பெண்’ நடுத்தர வீட்டுக் கூடத்தை அப்படியே எடுத்து வைத்தது. 1942-இல் ‘அவ்வையார்’. முப்பது வயதை ஒட்டிய ஆண்மகன் முதுகு கூனி மூதாட்டியாக வந்து நின்றபோது, ஊர் அவருக்கு அவ்வை சண்முகம் என்று பேர் வைத்தது. 1944-இல் ஈரோட்டில் நாடகக் கலைக்கென்றே ஒரு மாநாடு கூட்டினார்கள். தன் தொழிலைப் பற்றி ஊர் கூடி யோசிக்க வேண்டும் என்று ஒரு கம்பெனி நினைத்ததே பெரிய காரியம்.

ஒரு வருத்தத்தையும் இங்கே எழுதி வைக்க வேண்டும். பிள்ளைகள் தங்கிப் பயின்ற கம்பெனி வீட்டின் கட்டுப்பாட்டுக்கு விலை கொடுத்தவர்கள் அந்தக் குழந்தைகளே. பள்ளிக்கூடம் இல்லை, தாய் மடி இல்லை. குரல் உடையும் வயதில் மகரக்கட்டு வந்துவிட்டால், நேற்றுவரை ராஜபார்ட்டாக இருந்த பையன் இன்று துணை வேஷம். பாலர் முறையைப் போற்றுகிற நாம் அந்தப் பிள்ளைகளின் இரவுகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

டி.கே.எஸ். சகோதரர்களிடமிருந்து கிளைத்தவர்களும் சொல்லைப் போற்றும் அந்தப் பாடத்தை விடவில்லை. என்.எஸ். கிருஷ்ணனும் கே.ஆர். ராமசாமியும் அங்கிருந்து வந்தவர்கள்தான். எஸ்.வி. சகஸ்ரநாமம் சிறு வயதில் அந்தக் கம்பெனியில் சேர்ந்து, பிற்காலத்தில் சேவா ஸ்டேஜ் என்ற நாடகக் குழுவைக் கண்டார். பி.எஸ். ராமையாவையும் கு. அழகிரிசாமியையும் தி. ஜானகிராமனையும் நாடகம் எழுத வைத்தார். ஜானகிராமனின் ‘நாலுவேலி நிலம்’ அப்படி வந்ததுதான். புராண நாடகக் கம்பெனியில் நாக்குப் பழகியவர்களின் வழியில் வந்த மேடை, ஜானகிராமனின் தஞ்சாவூர்ப் பேச்சைக் கொச்சையாக்காமல், சபைக் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசியது.