பஞ்சு ஃபில்டர் இருக்கக் கவலை ஏன்?

மீன் தொட்டிக்கு என்ன ஃபில்டர் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: ஸ்பாஞ்ச் ஃபில்டர்! ஒரு பஞ்சு உருளை, நடுவில் குழாய், வெளியே ஓர் ஏர் மோட்டார். அவ்வளவுதான் சமாச்சாரம். கொளத்தூர் கடைகளில் கேனிஸ்டர், ஹேங் ஆன், டாப் ஃபில்டர் என்று பளபளவென அடுக்கியிருப்பார்கள். நான் மூலையில் தொங்கும் பஞ்சைத்தான் கேட்பேன். இதற்காகவா அத்திப்பட்டில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, வில்லிவாக்கம் வரை போகிறாய் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அது வேலை செய்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! காற்று குமிழ் குமிழாகக் குழாயில் ஏறும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துப் போகிறது. உடனே நாலாபக்கத்திலிருந்தும் தண்ணீர் பஞ்சுக்குள் புகுகிறது. அழுக்கெல்லாம் பஞ்சிலேயே தங்கிவிடும். ஆனால் அதுவா பெரிது? மீன் செவுள் வழியே விடும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாத விஷம். பஞ்சின் துளைகளில் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக்கிவிடும். எங்கள் வட்டாரத்தின் மாபெரும் ஃபில்டர் காட்டுப்பள்ளியில் இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்க 2010-இல் திறந்த ஆலை, நாளுக்கு 10 கோடி லிட்டர் திறன். அதனிடம்கூட இந்த உயிருள்ள வித்தை இல்லை!

பாக்டீரியா நன்றாகக் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஓடுகிற தொட்டியில் இன்னொரு பஞ்சையும் போட்டு வைத்திருந்தால் அந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். புதுத் தொட்டிக்கு அதை அப்படியே மாற்றிவிடலாம். கழுவும்போது மட்டும் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரையே ஒரு மக்கில் எடுத்து அதில் பிழியுங்கள். கடுங்காப்பி நிறத்தில் வழியும். எனக்கு அதுவே ஒரு ஆனந்தம்!

கப்பி குட்டி போட்டால்தான் பஞ்சின் அருமை முழுதாகத் தெரியும். பவர் ஃபில்டர் குட்டிகளைச் சுருட்டி இழுத்துவிடும். இங்கே அதுகள் பஞ்சிலேயே ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கொத்தித் தின்கின்றன.

கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பஞ்சு போதாது, ஒப்புக்கொள்கிறேன். அதன் கழிவு அப்படி. இரண்டாகப் போடுங்கள், அல்லது கூடவே ஒரு பவர் ஃபில்டரும் மாட்டுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் சுமார் 55 லிட்டர் பிடிக்கும். மணிக்கு 200 லிட்டருக்கு மேல் தள்ளுகிற ஃபில்டராகப் பார்த்து வாங்குங்கள்.

மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கரண்ட் போனால் தண்ணீர் டியூப் வழியே திரும்பி மோட்டாருக்குள் இறங்கும். மேலே வைக்க இடமில்லையென்றால் டியூப்பில் செக் வால்வு ஒன்று போட்டுவிடுங்கள், சில்லறைக் காசுதான். புயல் நாட்களில் சார்ஜ் மோட்டாரில் டியூப்பை மாட்டினால் போதும், மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் சேர்த்தே மூச்சு கிடைக்கும். ஐப்பசி பிறக்குமுன் அப்படியொரு மோட்டாரை வாங்கி சார்ஜ் போட்டு வைத்துவிடுங்கள்.