நாவலிலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பொருள்

இஸ்லாமியப் பண்பாட்டைப் பற்றி ஆராய நினைக்கிறவர்கள் நாவல்களிடம் வருவது சகஜமாகிவிட்டது. வந்து செய்கிற காரியம்தான் அலுப்பூட்டுகிறது. நிக்காஹ் ஓர் அத்தியாயம், கந்தூரி ஓர் அத்தியாயம், பிறகு சுன்னத்து, மையித்து, பெருநாள் என்று பக்க எண்களோடு ஒரு பட்டியல். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை (1988) இந்த ரீதியில் உரித்துப் போட்ட ஏடுகளைப் பார்த்திருக்கிறேன். இதற்கு நாவல் எதற்கு? பள்ளிவாசல் திண்ணையில் ஒரு பெரியவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இதைவிட அதிகம் கிடைக்கும்.

நாவல் ஆராய்ச்சிக்குப் பொருள் தருவது, அது ஒரு கேள்வியைத் தொட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் நகர்கிற இடத்தில் என்று தோன்றுகிறது. மீரானின் நாவலில் எனக்கு அப்படி ஓர் இடம் அகப்பட்டது. தேங்காய்ப்பட்டணத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருகிறது. வடக்கு வீட்டு முதலாளியின் உலகம் அதை எதிர்க்கிறது. படிக்கிற நாம், பெரும்பாலும் இங்கிலீஷ் படித்து உத்தியோகம் பார்க்கிறவர்கள், யோசிக்காமல் பள்ளிக்கூடத்தின் கட்சியில் சேர்ந்துகொள்கிறோம். ஊர் இருட்டு, பள்ளிக்கூடம் வெளிச்சம். நாவல் இவ்வளவு சுளுவானதல்ல. முதலாளிக்கு எதிராக நிமிர்ந்து நிற்கும் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூதுவின் தெம்பு இங்கிலீஷ் படிப்பிலிருந்து வந்ததல்ல. ஆனால் பள்ளிக்கூடம் வருமுன் அந்த வீடுகளில் என்ன படித்தார்கள், எந்த எழுத்தில் படித்தார்கள்? இதை நாவல் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு சாவி ஆசிரியரின் கையெழுத்திலேயே இருக்கிறது. மீரான் மலையாள வழியில் படித்தவர். தன் தமிழை மலையாள லிபியில் எழுதினார். பிறர் அதைத் தமிழ் லிபிக்கு மாற்ற வேண்டியிருந்தது. இதை ஒரு வேடிக்கைச் செய்தியாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். பேசுகிற மொழி ஒன்று, கைக்கு வருகிற எழுத்து வேறொன்று என்ற நிலை அவர் ஒருவருக்கு நேர்ந்த விபத்தல்ல. தமிழ் முஸ்லிம்களுக்கு அது ஒரு நெடிய சரித்திரம்.

அரபுத் தமிழைத்தான் சொல்கிறேன். தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி எழுத்துகள் செய்துகொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்க நூல்களையே இதில் எழுதினார். குர்ஆன் ஓதக் கற்ற பெண், தமிழ் அரிச்சுவடி தெரியாமலே தமிழ் படிக்க முடிந்தது. நான் குமாஸ்தாவாக உட்காரும் வங்கிக் கிளையில் பெருவிரல் ரேகை வைக்கிற கிழவிகள் உண்டு. அவர்களில் ஒருவர் வீட்டில் கிஸ்ஸாக்களைத் தடங்கலில்லாமல் வாசிப்பவர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. எங்கள் படிவத்தில் அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்.

நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், ராஜகிரி — இந்த ஊர்களின் ஆண்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும், பிற்பாடு வளைகுடாவுக்கும் சபர் போனார்கள். பணம் வந்தது, கடிதமும் வந்திருக்கும். எந்த எழுத்தில்? பதிலை மனைவியே எழுதினாளா, இல்லை எழுதத் தெரிந்த மூன்றாமவனிடம் தன் அந்தரங்கத்தைச் சொல்ல வேண்டியிருந்ததா? இதுதான் நான் சொல்லும் ஆராய்ச்சிப் பொருள். நிக்காஹ் சடங்கின் எந்த வர்ணனையும் இந்தக் கேள்வி அளவுக்கு அந்த வாழ்க்கைக்குள் நம்மைக் கொண்டுபோகாது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் (2004) ஆண்கள் இல்லாத வீடுகளின் பேச்சு முழுக்கக் காதில் விழுகிறது. அந்தப் பேச்சு தாளில் இறங்கியபோது என்ன ஆயிற்று என்பது தனி விஷயம்.

தஞ்சாவூர்க்காரனாக எனக்கு இதில் இன்னொரு உறுத்தல். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ், பாபநாசம் தாண்டியதும் ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை வழியாகத்தான் போகிறது. நம் இலக்கியத்தின் காவிரி இந்த ஊர்களில் நிற்பதில்லை. தி. ஜானகிராமனை இதற்காகக் குறை சொல்வது சிறுபிள்ளைத்தனம். அவர் தனக்குத் தெரிந்ததை எழுதினார், அதுவும் எப்படி எழுதினார்! என் புகார் வாசகர்களாகிய நம்மைப் பற்றியது. அக்கிரகாரப் பேச்சுக்கு நாம் அகராதி கேட்டதில்லை. முஸ்லிம் வீட்டுப் பேச்சு வந்தால் மட்டும் கடைசியில் அருஞ்சொற்பொருள் வேண்டியிருக்கிறது.

1938-லேயே நாகூரிலிருந்து சித்தி ஜுனைதா பேகத்தின் ‘காதலா கடமையா’ நாவல் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குப் போகாதவர், உ.வே. சாமிநாதையர் அந்நூலுக்குப் பாராட்டுரை தந்தார். இவரை அதிசயப் பிறவியாகக் காட்டுவதே வழக்கம். ரெய்னால்ட்ஸைத் தமிழாக்கிய குலாம் காதிறு நாவலர் (1833–1908) வாழ்ந்த ஊர் அது என்பதை நினைத்தால் அதிசயம் கொஞ்சம் குறைகிறது. வீட்டுக்குள் நடந்த வாசிப்பு என்ற ஒன்று அவருக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊகம்தான், சோதித்துப் பார்க்கத்தான் ஆராய்ச்சி.

சோதிப்பதில் ஒரு விசித்திரமான இடைஞ்சல் உண்டு. அரபு எழுத்துப் பட்ட தாளைக் குப்பையில் போடுவதில்லை. கிழிந்துபோனால் ஆற்றில் விடுவார்கள், அல்லது புதைப்பார்கள். இறைவசனத்துக்குரிய இந்த மரியாதை, எழுத்து ஒன்றாக இருப்பதால், கிஸ்ஸாவுக்கும் கணவன் எழுதிய கடிதத்துக்கும் கிடைத்துவிடுகிறது. எத்தனை வீட்டுத் தாள்கள் இப்படி வெட்டாற்றில் போயிருக்கும்! எஞ்சியிருப்பவை பெட்டியடியிலும் பரணிலும் இருக்கலாம். கூத்தாநல்லூரிலும் ராஜகிரியிலும் பழைய வீடுகளை இடித்து மாடி எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பரணைக் காலி செய்கிற அன்றைக்கு, அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த கிழவி ஒருத்தியோடு யாராவது அங்கே இருந்தாக வேண்டும்.