கெல்வின் பிரபுவும் கலைக்களஞ்சியமும்

புவிப்பௌதிகவியல் என்னுந் தலைப்பிற் பொதுக் கலைக்களஞ்சியங்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஓரச்சில் வார்த்தவை. முதலில் வரைவிலக்கணம், அடுத்து நிலநடுக்கவியல், புவியீர்ப்பு, புவிக்காந்தம் எனப் பிரிவுகளின் பெயர்ப்பட்டியல், பின்னர் வரலாறு பற்றி ஒரு பந்தி. பட்டியலால் எவருக்குந் தீங்கில்லை. திருத்தவேண்டுவது அவ்வரலாற்றுப் பந்தியே.

புவியின் வயதைப்பற்றி அப்பந்தி வழக்கமாகக் கூறுவது இது: கெல்வின் பிரபு, புவி குளிர்ந்த வேகத்தைக்கொண்டு அதன் வயதை மிகக் குறைவாக மதிப்பிட்டார், கதிர்த்தொழிற்பாடு அன்று அறியப்படாமையால் அவர் கணிப்புப் பிழைத்தது. கேட்பதற்கு இனிய கதை; ஆயின் உண்மையன்று.

1862ஆம் ஆண்டில் வெளிவந்த அக்கணிப்பு எளிமையும் அழகும் வாய்ந்தது. சுரங்கத்திற் கீழே செல்லச்செல்ல வெப்பநிலை உயர்கின்றது. உருகிய நிலையிலிருந்து குளிரும் புவியில் இவ்வுயர்வின் வீதம், அதாவது வெப்பநிலைப் படித்திறன், காலப்போக்கிற் குறைதல் வேண்டும். ஆகவே இன்றைய வீதத்தை அளந்தால் வயதைக் கணிக்கலாம். விடை 2 கோடி ஆண்டுக்கும் 40 கோடி ஆண்டுக்கும் இடைப்பட்டது; 1897இல் அவரே அதனை 2 கோடி தொடக்கம் 4 கோடி வரையெனச் சுருக்கினார். கணிதத்திற் குற்றமில்லை. புவி உள்ளும் புறமும் திண்மம், வெப்பம் அதனூடு கடத்தலால் மட்டுமே செல்கின்றது என்ற எடுகோளிலேதான் குற்றம்.

இதனை 1895இல், கதிர்த்தொழிற்பாடு கண்டுபிடிக்கப்படுமுன்னரே, எடுத்துக்காட்டியவர் யோன் பேரி. ஒருகாலத்திற் கெல்வினுக்கு உதவியாளராயிருந்தவர். ஆழத்திலுள்ள பொருள் மேற்காவுகையாற் கலங்குமாயின் உள்வெப்பம் இடையறாது மேலோட்டின் அடிக்கு வந்துசேரும். படித்திறன் நெடுங்காலம் குறையாது நிற்கும். 200, 300 கோடி ஆண்டு வயதும் பொருந்தும் என்றார். மாறாக, கெல்வினின் திண்மப் புவியிற் கதிர்த்தொழிற்பாட்டு வெப்பத்தைச் சேர்த்துக் கணித்தாலும் விடை பெரிதும் மாறாது. 10 கோடி ஆண்டிற் கடத்தலாற் குளிர்வது மேலுள்ள ஏறக்குறைய 100 கிலோமீற்றர் மட்டுமே. அதற்கும் ஆழத்தில் எழும் வெப்பம் மேற்பரப்பை எட்டுவதற்கில்லை.

கட்டுரையாசிரியர் மயங்குவதற்குக் காரணம் உண்டு. கதிர்த்தொழிற்பாடு அடுப்பாய் நின்று வெப்பந் தருகின்றது. கடிகாரமாய் நின்று வயதுங் காட்டுகின்றது. 1956இற் பாற்றேசன் விண்கற்களின் ஈயத்தைக்கொண்டு 455 கோடி ஆண்டு எனத் துணிந்தது கடிகாரத்தால். கெல்வினின் விடை பிழையென்பதை நிறுவியது அக்கடிகாரமே; ஏன் பிழைத்ததென்பதை அடுப்பு விளக்காது.

இவ்வேறுபாடு வீண் நுணுக்கமன்று. 1912இற் கண்டங்கள் நகர்ந்தன என வெகேனர் கூறியபோது, திண்மப் புவியில் அஃது எங்ஙனம் இயலுமென்றே பௌதிக அறிஞர் பலர் மறுத்தனர். பின்னர் ஆதர் ஓம்சு அதற்குக் காட்டிய காரணமும் அதே மேற்காவுகை. பேரியின் பெயரை விட்டுவிடும் பந்தியைப் படித்த மாணவன் புவியின் வயதையும் கண்டநகர்வையும் ஒன்றோடொன்று தொடர்பற்ற செய்திகளாக மனனஞ் செய்கின்றான். பரீட்சையிலும் அவ்வாறே எழுதுகின்றான்.

இடமில்லை என்பர். பெயர்ப்பட்டியலைச் சுருக்கினால் இடம் தானே வரும். இன்னும் மிஞ்சினால், புவி தோடம்பழம் போன்றது என்பதோடு நின்றுவிடும் வாக்கியத்தையுஞ் சற்று நீட்டலாம். ஒழுங்கான நீள்கோள வடிவத்தோடு ஒப்பிடுமிடத்து, இலங்கைக்குத் தெற்கே கடல்மட்டம் ஏறக்குறைய 100 மீற்றர் தாழ்ந்துள்ளது. உலகில் இத்துணைத் தாழ்வு வேறெங்குமில்லை. நம் வாசலிலுள்ள இப்பள்ளத்தைப் பிறநாட்டுக் கட்டுரையாசிரியர் மறந்தாலும், தமிழில் எழுதுபவர் மறத்தலாகாது.