பாரி மகளிரும் பாகான் டத்தோ மாணவரும்

பேராக் ஆறும் பெர்ணம் ஆறும் கடலில் கலக்கும் இரு முகத்துவாரங்களுக்கு இடையே கிடக்கும் தாழ்நிலம் பாகான் டத்தோ. நெடுங்காலம் கீழ்ப்பேராக் மாவட்டத்தின் ஒரு மூலையாக இருந்து, 2017-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. தென்னைக்குப் பெயர் பெற்ற மண். இன்று செம்பனை பெரும்பரப்பில் நிற்கிறது. டென்மார்க்கு நாட்டவர் ஒருவர் 1906-இல் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டம் இவ்வட்டாரத்திலேதான் உள்ளது. இத்தகைய தோட்டங்களின் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாண்டு பயின்ற பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் தமிழ் அவர்களுக்குப் பயிற்று மொழியாக இருப்பதில்லை. பல பாடங்களுள் ஒன்றாகிவிடுகிறது. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் பின்வந்த 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வழிவகுத்தன. ஆகவே தமிழ் வகுப்பு என்பது எண்ணிக்கையில் உயிர் வாழும் வகுப்பு. ஒரு மாணவன் சலித்து விலகினாலும் அங்கே அது பெரிய செய்தி. செய்யுள் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்னும் வினாவை இச்சூழலிலிருந்து பிரித்துப் பேசுவதற்கில்லை.

தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் ‘செய்யுளும் மொழியணியும்’ என ஒரு தனிப்பகுதியே உண்டு. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி, திருக்குறள் என்று ஆண்டுதோறும் மாணவன் மனனம் செய்து வருகிறான். இது குறைவான செல்வமன்று. இந்நாட்டில் தமிழ்ப்பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குள் வெறுங்கையோடு நுழைவதில்லை. ஆனால், செய்யுளோடு அதன் பொருளும் ஒரு சொல் பிசகாமல் மனனம் செய்யப்படுகிறது. செய்யுளை நெட்டுருச் செய்தல் குற்றமன்று. பொருளையும் நெட்டுருச் செய்தலே குற்றம். பொருள் உருப்போடப்பட்டதும் செய்யுள் தேவையற்றதாகிவிடுகிறது. புளியைக் கரைத்தபின் சக்கையை எறிவது போல மாணவன் பாட்டை எறிந்துவிட்டுப் பொழிப்பை வைத்துக்கொள்கிறான். இடைநிலை வகுப்பில் பதவுரை, பொழிப்புரை, நயம் என்னும் மூன்று படிகளாக அதே பழக்கம் தொடர்கிறது. நயம் என்பதும் எதுகை மோனைக்கு அடிக்கோடிடுவதோடு நின்றுவிடுவது உண்டு.

ஆசிரியரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. தேர்வு கேட்பதை அவர் கற்பிக்கிறார். எஸ்.பி.எம். தேர்வில் மாணவர் எடுக்கத்தக்க பாடங்களைப் பத்தாக வரையறுக்கும் அறிவிப்பு 2009-இல் வந்தபோது, தமிழ் இலக்கியம் கைநழுவிப் போகுமென்று அஞ்சித் தமிழ்ச் சமுதாயம் குரல் எழுப்பிற்று. பின்னர்க் கூடுதலாக இரண்டு பாடங்களுக்கு இசைவு கிடைத்தது. பாடத்தைக் காக்க எழுந்த அந்தக் குரலில் ஒரு பங்கேனும், அப்பாடம் வகுப்பறைக்குள் எவ்வாறு நடக்கிறது என்பது பற்றி எழுந்திருக்கலாம்.

மாற்று வழியாக நாடகத்தைப் பரிந்துரைப்போர் பலர். பரிந்துரை நன்று, நடைமுறைதான் ஐயத்துக்குரியது. பாரியைப் பற்றிய பாட்டு ஒன்றை நாடகமாக்கச் சொன்னால் வகுப்பில் நிகழ்வது என்ன? அட்டையில் மகுடம் செய்யப்படும். தேர் ஒன்று வரும். முல்லைக்கொடி ஒன்று துவளும். மூவேந்தரும் மீசை முறுக்கிப் பறம்பு மலையை வளைப்பர். கபிலர் வேடமிட்ட மாணவன் கையுயர்த்திப் பேசுவான். கைதட்டல் எழும். எல்லாம் முடிந்தபின் பார்த்தால், கபிலர் பாடிய சொல் ஒன்றும் எவர் வாயிலும் வந்திராது. கதை நடிக்கப்பட்டது, பாட்டு நடிக்கப்படவில்லை. பொழிப்புரை எழுத்தில் செய்ததை இந்நாடகம் மேடையில் செய்தது என்பதைத் தவிர வேறுபாடு இல்லை. பிள்ளைகள் மகிழ்ந்தனர் என்பது ஒரு பயனே. ஆயினும் அது செய்யுட் பாடத்தின் பயனாகாது.

தமிழ்ச் செய்யுளுக்கு நாடகத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். தொல்காப்பியர் அகப்பொருளுக்கு அடிப்படை கூறுமிடத்து உலகியல் வழக்கோடு நாடக வழக்கையும் சேர்த்தே சொல்கிறார். அகப்பாட்டு ஒவ்வொன்றும் ஒருவர் கூற்று. கேட்போர் ஒருவர் உண்டு. சில வேளைகளில் கேட்பதாகக் காட்டிக்கொள்ளாமல் கேட்போரும் உண்டு. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு, நட்பின் பேரளவை நிலத்தோடும் வானோடும் கடலோடும் ஒப்பிடுவது, பலரும் அறிந்ததே. அதனைக் காதலின் பெருமை கூறும் பாட்டென்று கற்பித்து முடிப்பதே வழக்கம். பழங்குறிப்பைப் பார்த்தால் காட்சி வேறு: தலைவன் வேலிப்புறத்தே மறைந்து நிற்கிறான், தோழி அவனைப் பழித்துப் பேசுகிறாள், தலைவி மறுத்து அவனைப் புகழ்கிறாள். அப்புகழ்ச்சி தோழிக்கா, வேலிக்கு அப்பால் நிற்பவனுக்கா? இந்த ஒரு வினாவை நான்காம், ஐந்தாம் படிவ மாணவரிடம் எழுப்பி மூவரை நிறுத்திப் பாட்டைச் சொல்லச் செய்தால், அளவு பற்றிய அவ்வுவமைகளின் குரல் மாறிவிடும். இக்குறிப்புகள் பாட்டுகளுக்குப் பிற்பட்டவை என்று ஆய்வாளர் கூறுவது உண்டு. இருக்கட்டும், அவ்வாறாயின் அவற்றை எழுதியவரே தமிழில் செய்யுளை நாடகமாகப் படித்துக்காட்டிய முதல் ஆசிரியராதல் கூடும்.

இம்மரபு இடையில் எங்கோ முறிந்தது. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் 1891-இல் வெளிவந்த செய்யுள் நாடகம். அதன் வாழ்த்துப்பாடலின் பகுதி 1970-இல் தமிழ்நாட்டு அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாயிற்று. நாடகத்தின் மற்றப் பகுதி அறிஞரிடமே தங்கிற்று. பரிதிமாற் கலைஞர் 1897-இல் ‘நாடகவியல்’ இயற்றினார். நாடகத்திற்கான இலக்கணத்தையும் நூற்பாவாகவே செய்தார்! அதையும் மனனம் செய்யலாம்.

வகுப்பறைக்கு ஏற்ற பாட்டு எது என்று தேடுவோர் புறநானூற்றின் 112-ஆம் பாட்டில் நின்று பார்க்கலாம். பாடியோர் பாரி மகளிர். ஐந்தே அடிகள். பொதுவியல் திணை, கையறுநிலைத் துறை. கடந்த திங்களின் வெண்ணிலவில் தந்தை இருந்தார், குன்றைப் பிறர் கொள்ளவில்லை; இந்தத் திங்களின் வெண்ணிலவில் வேந்தர் குன்றைக் கொண்டனர், தந்தை இல்லை. பொழிப்புரை இவ்வளவே. இதனை உருப்போட இரண்டு நிமிடம் போதும். மறக்க ஒரு வாரம் போதும்.

இரண்டு மாணவியரை எழுப்பி நிறுத்துக. மகுடம் வேண்டா, மலை வேண்டா. பாட்டின் சொற்களையே இருவரும் சொல்ல வேண்டும். வேறு சொல் சேர்த்தல் கூடாது. இக்கட்டுப்பாடு தளர்ந்தால் பயிற்சியே வீணாகும். முதலில் இருவரும் அழுதுகொண்டு சொல்வர். எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறே தொடங்குவர். அழட்டும். பின்னர் ஆசிரியர் கேட்க வேண்டியவை சில. அருகில் இருப்பவர் யார்? கபிலர் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படிச் சொல்வீர்கள்? வென்ற வேந்தரின் காவலன் கேட்டால்? ஒருவரும் இல்லாமல் நிலவு மட்டும் இருந்தால்? ஒவ்வொரு விடைக்கும் அதே ஐந்தடி மீண்டும் சொல்லப்படும். காவலன் நிற்கிறான் என்றதும் அழுகை அடங்கிவிடும். அடங்கிய குரலில் பாட்டு முன்னிலும் கனக்கும்.

அப்போதுதான் பாட்டின் கட்டமைப்பு காதில் விழத் தொடங்கும். முற்பாதியில் தந்தை முன், குன்று பின். பிற்பாதியில் குன்று முன், தந்தை பின். வரிசை தலைகீழாகிறது. சொல்ல இயலாததைப் பெண்கள் கடைசிவரை ஒத்திப்போடுகின்றனர். பாட்டின் இறுதிச் சொல் இல்லாமையைச் சொல்லும் சொல்லாக அமைகிறது. பகைவரைச் சொல்லுமிடத்தில் வசை ஒன்றும் இல்லை. அவர்களுக்கு வெற்றி முரசு அடைமொழியாகக் கொடுக்கப்படுகிறது. இருக்கும் சில சொற்களில் பெருமிதமானது பகைவருக்கே போகிறது. அது பணிவா, எள்ளலா? குரல்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னும் ஒன்று: ஈற்றயலடி முச்சீராய்க் குறைந்து ‘எம்’ என்னும் சொல்லோடு நிற்கிறது, அவர்களுடைய குன்று அடுத்த அடியில்தான் வருகிறது. ‘எம்’ என்று நிறுத்தி மூச்சு வாங்கிக் குன்றைச் சொல்லும் மாணவிக்கு நேரிசை ஆசிரியப்பாவின் ஈற்றயலடி ஏன் முச்சீர் பெறும் என்பதை இனி எவரும் கரும்பலகையில் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. யாப்பிலக்கணம் மூச்சில் இருந்து பிறந்தது என்பதை அவள் தன் நெஞ்சிலேயே கண்டுவிட்டாள்.

மெய்ப்பாட்டியலையும் இவ்விடத்தில் கொணரலாம். அழுகை பிறத்தற்குக் காரணம் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. பாரி மகளிர்க்கு உரியது இழவு என்று மாணவர் உடனே கூறுவர். அசைவு என்பதற்குப் பண்டை நிலை கெட்டு வேறு நிலையுற்று வருந்துதல் என்னும் பொருள்பட உரையாசிரியர் பேராசிரியர் உரைக்கிறார் என்று சொன்னால், வகுப்பில் வழக்கு ஒன்று மூளும். மூளட்டும். அங்கே நடப்பது திறனாய்வு.

டோரத்தி ஹீத்கோட் என்னும் இங்கிலாந்து நாட்டுக் கல்வியாளர் (1926–2011) ஆசிரியரும் பாத்திரமாகி வகுப்புக்குள் நுழையும் முறையை வளர்த்தார். பார்வையாளருக்காக ஒத்திகை பார்ப்பது அவர் நோக்கமன்று. நிலைமைக்குள் நின்று எண்ணிப் பார்ப்பதே நோக்கம். மேற்கூறிய காவலனாக ஆசிரியரே வந்து கதவருகே நிற்கலாம். ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை. இதற்கு மேடை வேண்டா, செலவு இல்லை, நாற்பது நிமிடத்தில் முடியும்.

அடுத்தது படைப்பெழுத்து. அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக் நியூயார்க் நகரத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருங்கவிஞரின் பாட்டுகளைக் கற்பித்த முறையை 1973-இல் நூலாக்கினார். பாட்டைப் படித்ததும் அதன் அடிப்படைக் கருத்தொன்றை எடுத்துக்கொடுத்து, அதைக்கொண்டு பிள்ளைகளைத் தம் பாட்டை எழுதச் செய்வது அம்முறை. புலியைப் பார்த்து வினாத் தொடுக்கும் பிளேக்கின் பாட்டைக் கற்றவர் தாமும் ஒரு விலங்கை நோக்கிக் கேள்வி கேட்டு எழுதினர். பாராட்டுவதற்காகப் பாட்டு, எழுதுவதற்காகத் தனிப்பாடம் என்ற பிரிவினை அங்கே இல்லை.

பாரி மகளிர் பாட்டு தரும் கருத்து எளிது: அன்று, இன்று, நடுவே மாறாத ஒன்று. பாகான் டத்தோ வட்டாரத்துப் பிள்ளைக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. தென்னை அழிந்து செம்பனை வந்த நிலம் அவன் கண்முன் உள்ளது. லயத்து வீட்டைவிட்டுத் தெலுக் இந்தான் பக்கத்து வீடமைப்புப் பகுதிக்குப் பெயர்ந்த குடும்பத்தில் பிறந்தவனாக இருக்கலாம். கொப்பரைக் கொட்டகையின் மணத்தைப் பாட்டி சொல்லக் கேட்டவளாக இருக்கலாம். அன்றையதும் இன்றையதும் அவர்களுக்குக் கிடைத்துவிடும். கடினம் அந்த மாறாத ஒன்று. பெரும்பாலோர் அதை விட்டுவிடுவர். விட்டுவிட்டால் எழுத்து வெறும் புலம்பலாகும். பெர்ணம் ஆற்றின் ஏற்றவற்றமா, கோயில் மணியா, பெரட்டுக் களத்தில் நின்ற மரமா? நிலவுக்கு ஈடாகத் தம் ஊரில் எதைச் சொல்வது என்று ஒரு மாணவன் அரைமணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தால், அந்த அரைமணி நேரமும் அவன் புறநானூற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறான்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். துயரத்தைக் கட்டாயப் பாடமாக்கலாகாது. எல்லாப் பிள்ளைக்கும் தோட்டம் இழந்த குன்று அன்று. சிலர் இன்றும் தோட்டத்தில் வாழ்கின்றனர். சிலருக்கு லயம் தந்ததைவிடப் புதுவீடு தந்த நன்மை மிகுதி. அன்று வெள்ளம் ஏறிய வீடு, இன்று உலர்ந்த தரை என்று ஒருத்தி எழுதினால் அதுவும் பாட்டின் அச்சில் வார்த்ததே. ஆசிரியர் விரும்பும் ஏக்கத்தை மாணவர் எழுதிக் கொடுக்கும் வகுப்பு, பொழிப்புரை உருப்போடும் வகுப்பினும் பொய்ம்மை மிக்கது.

மாணவர் மரபில் எழுதுவதா, புதுக்கவிதையில் எழுதுவதா என்று கேட்போர் இந்நாட்டில் இன்னும் உளர். மலேசியப் புதுக்கவிதையின் தொடக்கமாகச் சுட்டப்படும், 1964-இல் வெளிவந்த சி. கமலநாதனின் கவிதைக்குத் தலைப்பு ‘கள்ளப்பார்ட்’, அதாவது பழைய நாடக மேடையின் ஒரு வேடப்பெயர். இருசாராரும் மேடைக்குக் கடன்பட்டவரே. பள்ளி மாணவனுக்கு இவ்வழக்கு வேண்டுவதில்லை. ஐந்தடிக்குள் நிற்க வேண்டும் என்ற ஒரே கட்டு போதும். முரசு நெடுமாறன் 1997-இல் வெளியிட்ட மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம் நூலகத்தில் இருந்தால், தம் நாட்டவர் இந்த மண்ணை எவ்வாறு பாடினர் என்பதை எழுதிய பின்னர் அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எழுதுவதற்கு முன் காட்டினால் படியெடுப்பர்.

மதிப்பெண் கிடைக்குமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. இம்முறையால் மதிப்பெண் கூடும் என்று உறுதி கூறுவோர் மிகைபடக் கூறுவோரே. ஒரு பாட்டுக்கு மூன்று பாடவேளை செல்லும். பாடத்திட்டத்தின் எல்லாச் செய்யுளையும் இவ்வாறு நடத்த நேரம் இராது. ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு பாட்டுகளுக்கு இதனைச் செய்து, மற்றவற்றைப் பழைய முறையிலேயே நடத்தலாம். அந்த மூன்றின் பயன் மற்றவற்றிலும் தெரியும்: புதிய செய்யுளைக் கண்டதும் மாணவன் பொருளைக் கேட்பதற்கு முன், சொல்பவர் யார், கேட்பவர் யார் என்று கேட்பான்.

மாணவர் தம் ஐந்தடிகளை எழுதி முடித்த பிறகு, அதே இரு மாணவியரும் மீண்டும் ஒருமுறை எழுந்து பாரி மகளிரின் பாட்டைச் சொல்லுதல் வேண்டும். இம்முறை ஆசிரியர் எதுவும் கேட்க வேண்டா. நிலவு என்னும் சொல் இரண்டாம் தடவை வருமிடத்தில் குரல் எப்படி மாறுகிறது என்று பின்வரிசையில் அமர்ந்து கேட்டால் போதும்.