லொஜ்பானில் அறிதலும் அதன் ஆதாரமும்

லொஜ்பான், பயனிலைத் தர்க்கத்தை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்ட ஒரு செயற்கை மொழி. ஜேம்ஸ் குக் பிரவுன் 1955இல் தொடங்கிய லாக்லான் மொழியிலிருந்து பிரிந்து, 1987 முதல் தனியே வளர்ந்தது. ஒரு செய்தியை எப்படி அறிந்தோம் என்று சொல்ல இம்மொழி இரு வழிகளைத் தருகிறது. அவற்றுள் ஒன்றே விவாதத்திற்கு இடமளிக்கிறது.

முதல் வழி, சான்று காட்டும் இடைச்சொற்கள். 'ஸஹா' நேரில் கண்டதையும், 'திஹே' கேள்விப்பட்டதையும், 'ஜஹோ' ஊகித்துத் துணிந்ததையும், 'பெஹி' சொந்தக் கருத்தையும் குறிக்கும். 'மழை பெய்கிறதாம்' என்பதில் உள்ள 'ஆம்' செய்யும் வேலையைத்தான் 'திஹே' செய்கிறது. இச்சொற்கள் மகிழ்ச்சி, அச்சம் போன்ற உணர்வுகளைக் காட்டும் சொற்களோடு ஒரே இலக்கண வகையில் அடங்குகின்றன. எனவே 'நா' என்னும் வழக்கமான மறுப்புச்சொல் மழையை மறுக்குமே தவிர, கேள்விப்பட்டதை மறுக்காது. சான்றுச்சொல் சேர்ந்த கூற்று எதிர்வாதத்திற்கு எட்டாததாகிவிடுகிறது என்பதை, 1997இல் வெளிவந்த ஜான் கோவனின் இலக்கண நூலே ஒப்புக்கொள்கிறது.

இரண்டாவது வழி, வினைகளின் அமைப்பு. 'ஜுனோ' (அறிதல்) என்ற சொல்லுக்கு நான்கு இடங்கள் உண்டு: அறிபவர், அறியப்படும் செய்தி, அது எதைப் பற்றியது, எந்த அளவையால் அறியப்பட்டது. 'ஜின்வி' (கருதுதல்) என்பதன் நான்காம் இடம் கருத்தின் ஆதாரத்திற்கு உரியது. 'க்ரிஷி' (நம்புதல்) என்பதற்கு அந்த இடமே இல்லை. ஆதாரம் வேண்டாத நம்பிக்கையை அது குறிக்கிறது. அறிவு, கருத்து, நம்பிக்கை ஆகியவற்றின் வேறுபாட்டைச் சொல்லின் அமைப்பிலேயே பதித்திருப்பது இம்மொழியின் உண்மையான சாதனை. இங்கு ஆதாரம் கூற்றின் உறுப்பாகிறது, அதை மறுக்கலாம். நான்காம் இடத்தில் 'மா' என்ற வினாச்சொல்லை வைத்து 'எதனால் அறிந்தாய்?' என்றும் கேட்கலாம்.

குறையும் இங்கேயே உள்ளது. சான்றுச்சொல்லைச் சேர்ப்பது பேசுபவரின் விருப்பம். நான்காம் இடத்தையும் வெறுமையாக விடலாம். அமேசான் பகுதியில் பேசப்படும் துயுகா மொழியிலோ, ஒரு நிகழ்வைச் சொல்லும்போது அறிந்த விதத்தையும் வினைவிகுதி காட்டியே ஆகவேண்டும். தெளிவையே நோக்கமாகக் கொண்ட ஒரு மொழி, இயற்கை மொழி ஒன்று கட்டாயமாக்கியதை விருப்பத்திற்கு விட்டிருக்கிறது. ஆகவே 'தர்க்க மொழியில் பேசினால் ஆதாரத்தோடு பேசுவோம்' என்ற எதிர்பார்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. ஆதாரத்தைத் துல்லியமாகக் கேட்கவும் மறுக்கவும் லொஜ்பான் வகைசெய்கிறது. அதைத் தராமல் நழுவுபவரை அதன் இலக்கணம் தடுப்பதில்லை.